ஏற்பி சமிக்ஞையைக் கேட்கும், விழுங்கவும் செய்யும்: உயிருள்ள திசுவில் வளர்ச்சிக் காரணிச் சமிக்ஞையை மாடல் செய்ய முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்திலோ உயிரியல் படித்துக்கொண்டு, கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பைத்தானும் தெரிந்த மாணவருக்காக இதை எழுதுகிறேன். கோடி ரூபாய் மைக்ராஸ்கோப் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு சாதாரண டிசெக்‌ஷன் மைக்ராஸ்கோப், பழ ஈ வளர்க்க நாலு பாட்டில் இருந்தால் போதும்.

வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் வெளியே விடும் செய்திப் புரதம்; ஏற்பி என்பது அதைப் பிடித்து உள்ளே செய்தி சொல்லும், செல்லின் மேல் உள்ள புரதம். இவற்றை மாடல் செய்வது என்றதும் பலர் செய்வது ஒன்றுதான். வெளியான பெரிய மாடல் ஒன்றை இறக்கிக்கொள்வார்கள். அதில் நூறு சமன்பாடு இருக்கும். அதை அப்படியே ஓட்டி, வரும் வளைகோட்டைத் "திசுவில் நடப்பது இது" என்று ஆய்வேட்டில் ஒட்டிவிடுவார்கள். அந்த மாடல் தப்பில்லை. ஆனால் அது டிஷ்ஷில், அதாவது ஆய்வுக்கூடத் தட்டில், ஊடகம் என்ற சத்துத் திரவத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் செல்லுக்காக எழுதப்பட்டது. திசுவுக்குள் போனதும் கணக்கே தலைகீழாகிவிடும். ஏன் என்பதை மூன்றாம் படியில் எண்ணோடு பார்ப்போம். இந்த வழிகாட்டியின் உயிர் அந்தப் படியில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு எபிடெர்மல் வளர்ச்சிக் காரணியையும் அதன் ஏற்பியையும் எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாக ஈஜிஎஃப், ஈஜிஎஃப்ஆர். இந்தக் காரணி முதலில் கண்ணில் பட்டதே உயிருள்ள உடலில்தான். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, அவற்றின் இமைகள் வழக்கத்துக்கு முன்னாலேயே திறந்துகொண்டன. அதைப் பின்தொடர்ந்து போன ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மொந்தால்சினியோடு 1986-இல் நோபல் பரிசு பெற்றார். காரணி சின்னப் புரதம். 53 அமினோ அமிலம், எடை சுமார் 6 கிலோடால்டன். ஏற்பி பெரியது, சுமார் 170 கிலோடால்டன். காரணி ஒட்டியதும் ஏற்பிகள் ஜோடி சேரும். ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட் ஏற்றும். அதைப் பிடித்துக்கொண்டு கிரப்2, எஸ்ஓஎஸ், ராஸ், ராஃப், மெக் என்று புரதம் புரதமாகச் செய்தி இறங்கி ஈஆர்கே என்ற நொதியில் போய் நிற்கும். ஈஆர்கே செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களை எழுப்பும். அதே நேரத்தில், காரணி பிடித்த ஏற்பியைச் செல் உள்ளே இழுத்து லைசோசோம் என்ற செரிக்கும் பையில் போட்டு அழிக்கும். இந்தக் கடைசி வரியை மறக்காதீர்கள்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"ஈஜிஎஃப்ஆர் சமிக்ஞையை மாடல் செய்யப் போகிறேன்" என்பது கேள்வி ஆகாது. "ஒரு செல் வெளியிடும் காரணி எத்தனை செல் தூரம் போகும்?" என்பது கேள்வி. "ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடி போட்டால் பக்கத்துச் செல்லுக்குக் கூடுதல் காரணி போய்ச் சேருமா?" என்பதும் கேள்வி. விடை ஒரு எண்ணாகவோ, ஆம்-இல்லை ஆகவோ வர வேண்டும். அந்த எண்ணை எந்தக் கருவியால் அளப்பீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். அளக்க வழியில்லாத எண்ணுக்கு மாடல் போடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

படி 2: இரண்டே சமன்பாட்டில் தொடங்குங்கள்

முதலில் ஒரே ஒரு செல். மூன்று எழுத்து போதும். ல என்பது வெளியே உள்ள காரணியின் செறிவு, நானோமோலாரில். ஏ என்பது செல்லின் மேல் உள்ள வெறும் ஏற்பிகளின் எண்ணிக்கை. கூ என்பது காரணி ஒட்டிய ஏற்பிகள், அதாவது கூட்டு.

ஏ மாறும் வேகம் = உற்பத்தி − (0.1 × ல × ஏ) + (0.24 × கூ) − (0.03 × ஏ)

கூ மாறும் வேகம் = (0.1 × ல × ஏ) − (0.24 × கூ) − (0.2 × கூ)

நேரம் நிமிடத்தில். 0.1 என்பது ஒட்டும் வேகம், 0.24 கழன்று போகும் வேகம். 0.03 என்பது வெறும் ஏற்பி சும்மா உள்ளே போகும் வேகம். 0.2 என்பது காரணி பிடித்த ஏற்பி உள்ளே இழுக்கப்படும் வேகம். 37 டிகிரியில் வளர்த்த பாலூட்டிச் செல்களில் அளந்து, இலக்கியத்தில் புழங்கும் எண்களின் வரிசையில் இவை இருக்கின்றன. செல்லுக்குச் செல் இரண்டு மூன்று மடங்கு மாறும், பரவாயில்லை. காரணி பிடித்த ஏற்பி ஏழு மடங்கு வேகமாக உள்ளே போகிறது என்ற விகிதம்தான் முக்கியம்.

காரணியே இல்லாதபோது செல்லில் ஒரு லட்சம் ஏற்பி நிலையாக இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் உற்பத்தி நிமிடத்துக்கு 3,000. இப்போது ல-வை 1 நானோமோலாரில் நிறுத்தி ஓட்டுங்கள். கோடு சரியாக இருந்தால் கூட்டு 6-வது நிமிடத்தை ஒட்டிச் சுமார் 16,400 வரை ஏறும். பிறகு இறங்கும். ஒரு மணி நேரத்தில் 9,000-க்குப் பக்கத்தில் அடங்கிவிடும். வெறும் ஏற்பி ஒரு லட்சத்திலிருந்து 40,000-க்கு வந்திருக்கும். இந்த எண்கள் வரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் நிமிடத்தையும் வினாடியையும் எங்கோ கலந்திருப்பீர்கள்.

இன்னொரு சோதனை. ல-வை 1,000 நானோமோலாருக்கு ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்றினாலும் கூட்டு கடைசியில் 15,000-ஐத் தாண்டி நிலைக்காது. உற்பத்தி 3,000-ஐ 0.2-ஆல் வகுத்தால் வரும் எண் அது. செல் தன்னைத்தானே செவிடாக்கிக்கொள்கிறது என்று சொல்வார்களே, அது இதுதான். ஜோடி சேர்வது, உள்ளே போன ஏற்பி திரும்பி மேலே வருவது எல்லாம் இதில் இல்லை. தேவைப்பட்டால் அப்புறம் சேர்க்கலாம். பெரும்பாலான கேள்விகளுக்குத் தேவைப்படாது.

படி 3: டிஷ்ஷிலிருந்து திசுவுக்கு வரும்போது ஏற்பியின் செறிவைக் கணக்கிடுங்கள்

ஏற்பி செல்லின் மேல்தானே இருக்கிறது, அதற்கு எதற்குச் செறிவு என்று கேட்கத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

ஒரு டிஷ்ஷில் 2 மில்லிலிட்டர் ஊடகம், பத்து லட்சம் செல், செல்லுக்கு ஒரு லட்சம் ஏற்பி. மொத்த ஏற்பியையும் அந்த ஊடகத்தில் கரைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டால் செறிவு சுமார் 0.08 நானோமோலார். நீங்கள் போட்ட காரணி 1 நானோமோலார். காரணிதான் அதிகம், ஏற்பி குறைவு. அதனால் ல-வை மாறாத எண்ணாக வைத்துக்கொண்டது சரி. அதுவும் முதல் சில மணி நேரத்துக்குத்தான். இரண்டாம் படியின் எண்படி ஒரு செல் நிமிடத்துக்கு 1,800 காரணியை விழுங்குகிறது. அந்த வேகத்திலேயே போனால் டிஷ்ஷில் உள்ளது முழுவதும் சுமார் 11 மணி நேரத்தில் தீர்ந்துபோகும். ராத்திரி காரணி போட்டுவிட்டுக் காலையில் வந்து "செல் பதில் சொல்வதை நிறுத்திவிட்டது" என்று எழுதுகிறவர்கள், ஊடகத்தில் காரணி மிச்சம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

இப்போது திசு. செல்லை 10 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரம் என்று வையுங்கள்; கன அளவு ஒரு பிக்கோலிட்டர். ஒரு லட்சம் ஏற்பியை அதில் பரப்பினால் 166 நானோமோலார். ஆனால் காரணி மிதப்பது செல்லுக்கு வெளியே உள்ள இண்டு இடுக்கில் மட்டும்தான். அந்த இடுக்கு மொத்தத் திசுவில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், காரணியின் பார்வையில் ஏற்பியின் செறிவு சுமார் 830 நானோமோலார்!

டிஷ்ஷில் 0.08, திசுவில் 830. பத்தாயிரம் மடங்கு. ஒட்டிக் கழலும் சமநிலை எண்ணோ (0.24-ஐ 0.1-ஆல் வகுத்தது) 2.4 நானோமோலார்தான். அதாவது திசுவில் காரணி எங்கே பிறந்தாலும் அதைச் சுற்றி ஏற்பிகள் மொய்த்துக்கொண்டு நிற்கின்றன. டிஷ்ஷில் ஏற்பி என்பது காரணியின் அளவைச் சொல்லும் கருவி. திசுவில் அதே ஏற்பி காரணியின் அளவையே தீர்மானிக்கிறது.

தாமிரபரணிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாளையங்கால்வாயில் தண்ணீர் திறந்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அணையில் விட்ட அளவு மட்டும் சொல்லாது. வழியில் எத்தனை மடை, ஒவ்வொரு மடையும் எவ்வளவு இழுக்கிறது என்பதும் சேர்ந்துதான் கடைமடைக்காரர் நடவு நடுவாரா என்று முடிவு செய்கிறது. ஏற்பிதான் மடை. மேலே உள்ள வயல் தண்ணீரைப் பார்த்ததும் மடையைத் திறந்துகொள்கிறது. கீழே உள்ள செல்லுக்கு மிச்சம்தான்.

இதிலிருந்து ஒரு விநோதமான கணிப்பு கிடைக்கிறது. ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடி போட்டால் அந்தச் செல்லில் சமிக்ஞை குறையும்; ஆனால் வெளியே மிதக்கும் காரணி கூடும், இன்னும் தூரம் போகும். தானே காரணியைச் சுரந்து தானே பிடித்துக்கொள்ளும் செல்களில் இது சோதித்துப் பார்த்த உண்மை. தடுப்பு ஆன்டிபாடி போட்டால்தான் அவை சுரக்கும் காரணி ஊடகத்தில் அளக்கும் அளவுக்குத் தேறும். இல்லாவிட்டால் சுரந்த கையோடு பிடிபட்டுப் போகும். பழ ஈயில் ஆர்கோஸ் என்ற புரதமும் காரணியை நடுவழியில் பிடித்து வைத்துக்கொள்கிறது. இது ஏற்பி இல்லை, சமிக்ஞையும் அனுப்பாது, வெறும் இழுப்பு மட்டும். உங்கள் திசுவில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 4: தூரத்தைக் கணக்கிடுங்கள்

இனி காரணிக்கும் ஒரு சமன்பாடு வேண்டும். அது இரண்டு வேலை செய்கிறது: விரவுகிறது, அதாவது தானாகப் பரவுகிறது; விழுங்கப்படுகிறது. விரவல் எண்ணை விழுங்கும் வேகத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஒரு நீளம் கிடைக்கும். அந்த நீளத்துக்கு ஒருமுறை காரணியின் செறிவு 37 சதவீதமாகக் குறையும்; மூன்று நீளம் போனால் 5 சதவீதம்தான் மிச்சம். இதை வீச்சு என்று அழைக்கிறேன்.

விரவல் எண்: ஈஜிஎஃப் அளவுள்ள புரதம் நெருக்கமான திசுவின் இடுக்குகளில் வினாடிக்குச் சுமார் 50 சதுர மைக்ரோமீட்டர் என்ற வேகத்தில் விரவும். சுத்த நீரில் இதைப் போல மூன்று மடங்கு. நிமிடத்துக்கு மாற்றினால் 3,000.

விழுங்கும் வேகம்: காரணி குறைவாக இருக்கும்போது, ஒட்டும் வேகம் 0.1 × ஏற்பிச் செறிவு 830 × (ஒட்டியதில் கழலாமல் உள்ளே போகும் பங்கு, அதாவது 0.2-ஐ, 0.24-ம் 0.2-ம் சேர்ந்த 0.44-ஆல் வகுத்தது). நிமிடத்துக்குச் சுமார் 38.

3,000-ஐ 38-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு 9 மைக்ரோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு செல் அகலம்கூட இல்லை.

முதல் தடவை பார்க்கிறவர்கள் கணக்கில் தப்பு என்று திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். தப்பில்லை. ஏற்பி அடர்ந்த திசுவில் ஈஜிஎஃப் பக்கத்து வீட்டைத் தாண்டாது. ஏற்பி செல்லுக்குப் பத்தாயிரமாகக் குறைந்தால் வீச்சு 28 மைக்ரோமீட்டர், மூன்று செல். ஏற்பியைப் பத்து மடங்கு குறைத்தும் தூரம் மூன்று மடங்குதான் கூடியது என்பதைக் கவனியுங்கள். வர்க்கமூலம் இருப்பதால் எல்லா மாற்றமும் மந்தப்பட்டுத்தான் வெளியே தெரியும். உங்கள் பாராமீட்டர்களில் இரண்டு மடங்கு பிழை இருந்தாலும் வீச்சு நாற்பது சதவீதம்தான் தள்ளும். இது நமக்கு நல்ல செய்தி.

காரணி மிக அதிகமாக ஊறும் இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது. 4.4 நானோமோலாரை (0.44-ஐ 0.1-ஆல் வகுத்தது) தாண்டினால் ஏற்பிகள் நிரம்ப ஆரம்பிக்கும். நிரம்பிய இடத்தைத் தாண்டிக் காரணி வழிந்து போகும். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாத புண்ணுக்கு ஈஜிஎஃப் ஜெல் தடவுகிறார்களே, அங்கே மேற்பரப்பில் செறிவு இதைவிட மிக அதிகம். அதோடு அந்தப் புண்ணில் புரதத்தை நறுக்கும் நொதிகளும் நிறைய. அதற்கு விழுங்கும் வேகத்தோடு நறுக்கும் வேகத்தையும் கூட்ட வேண்டும். வயலில் வெறுங்காலோடு நிற்கும் இந்த ஊர் ஆட்களை நினைத்தால் இது நல்ல ஆய்வுத் தலைப்புதான். ஆனால் மாடலை வைத்து மருந்து அளவு சொல்லப் போகாதீர்கள், அது டாக்டர் வேலை.

படி 5: செல்லுக்குள் போவது

இங்கேதான் மாணவர்கள் காலத்தை விரயம் செய்கிறார்கள். ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறும் இடம் ஒன்பது என்று வைத்தால், ஒரு தனி ஏற்பிக்கு 512 நிலை; இரண்டு ஜோடி சேர்ந்தால் 1,31,328 நிலை. அத்தனையும் எழுத முடியாது. அதற்காகவே பயோநெட்ஜென் போன்ற விதிமுறை மென்பொருள்கள் இருக்கின்றன: "இந்த இடத்தில் பாஸ்பேட் இருந்தால் கிரப்2 ஒட்டும்" என்று விதியை மட்டும் கொடுத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் கேள்வி தூரம் பற்றியது என்றால் இதெல்லாம் வேண்டியதே இல்லை. கூட்டின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டினால் ஈஆர்கே எழும் என்று ஒரே ஒரு வளைகோடு போட்டுவிடுங்கள்.

அந்த வளைகோடு எவ்வளவு செங்குத்து என்பதில் கவனம். 1996-இல் ஹுவாங்கும் ஃபெரலும் தவளையின் முட்டைச் சாற்றை வைத்து, மூன்று நொதி அடுக்கு சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் என்று காட்டினார்கள். வளைகோட்டின் செங்குத்தைச் சொல்லும் ஹில் எண் 5-க்குப் பக்கம். பாலூட்டிச் செல்கள் பலவற்றில் பதில் இத்தனை செங்குத்தாக இருப்பதில்லை. 1-லும் ஓட்டுங்கள், 5-லும் ஓட்டுங்கள். முடிவு மாறவில்லை என்றால் அந்த விவாதத்துக்குள் நீங்கள் இறங்கவே வேண்டாம்.

முழு அடுக்கும் வேண்டும் என்பவர்களுக்கு, வெளியான மாடல்களைச் சேர்த்து வைக்கும் பயோமாடல்ஸ் தளத்தில் இரண்டு நல்ல தொடக்கம் உண்டு. கொலொடென்கோ குழு 1999-இல் எலி ஈரல் செல்களுக்குப் போட்ட மாடல் முதல் சில நிமிடங்களுக்கானது. ஷோபெர்ல் குழுவின் 2002 மாடலில் ஏற்பி உள்ளே போவதும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் கோபாசி என்ற இலவச மென்பொருளில் திறக்கும். இரண்டிலும் இடம் என்ற ஒன்று கிடையாது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

படி 6: அலை வருமா என்று பாருங்கள்

உயிருள்ள திசுவில் ஈஆர்கே நிலையாக நிற்பதில்லை. ஈஆர்கே செயல்பட்டால் நிறம் மாறும், அல்லது உட்கருவிலிருந்து வெளியே வந்துவிடும் உணர்விகளைச் செல்லுக்குள் வைத்துப் படம் எடுத்தால் இது தெரியும். 2015-இல் உயிருள்ள சுண்டெலியின் தோலில் ஈஆர்கே அலை அலையாகப் பரவுவதைப் படம் பிடித்தார்கள். 2021-இல் வரிக்குதிரை மீனின் செதில் திரும்ப வளரும்போதும் இப்படி அலை ஓடுவது தெரிந்தது.

ஒரு செல்லின் காரணி ஒரு செல் தூரமே போகும் என்றால் அலை எப்படி நூற்றுக்கணக்கான மைக்ரோமீட்டர் போகிறது? தோல் போல உடலின் பரப்புகளை மூடும் பல எபிதீலியத் திசுக்களில் விடை இது: ஈஆர்கே எழுந்த செல், தன் மேற்பரப்பில் கட்டுண்டு கிடக்கும் காரணியை ஏடிஏஎம்17 என்ற நொதியால் வெட்டி விடுகிறது. அது பக்கத்துச் செல்லை எழுப்புகிறது. அந்தச் செல் தன் காரணியை வெட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னூட்டம் முதல் செல்லை அடக்கிவிடுவதால் அலை திரும்பி வராது. மாடலில் இதற்கு இரண்டு சேர்க்க வேண்டும்: ஈஆர்கே கூடினால் காரணி வெளியீடு கூடும் என்ற ஒரு பதம், ஈஆர்கே-யைத் தாமதித்து அடக்கும் ஒரு புதிய மாறி. தாமதம் இல்லாமல் போட்டால் அலை வராது. திசு முழுவதும் எழுந்து அப்படியே நின்றுவிடும்.

படி 7: கம்ப்யூட்டரில் ஏற்றுவது

முதலில் ஒரே வரிசையாக 50 செல். பிறகு வேண்டுமானால் இரு பரிமாணத் தளம். கட்டத்தின் அளவு வீச்சைவிடச் சிறிதாக இருக்க வேண்டும். வீச்சு 9 என்றால் கட்டம் 1 மைக்ரோமீட்டர். செல்லுக்கு ஒரு கட்டம் என்று போட்டால் சரிவு, அதாவது தூரத்தோடு செறிவு குறைவது, முழுவதும் ஒரே கட்டத்துக்குள் ஒளிந்துவிடும்.

கட்டத்தைச் சிறிதாக்கினால் நேரப் படியும் சிறிதாகும். 1 மைக்ரோமீட்டர் கட்டம், வினாடிக்கு 50 என்ற விரவல்: எளிய முன்னோக்கு முறையில் நேரப் படி 0.01 வினாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்கள் வெடித்துப் போகும். ஒரு நாளை ஓட்ட 86 லட்சம் படி. கோடையில் கரண்ட் போகிற ஊரில் இது வேலைக்கு ஆகாது. காரணி வினாடிகளில் நிலைக்கு வந்துவிடும், ஏற்பியோ நிமிடக்கணக்கில்தான் மாறும். ஆகவே ஒவ்வொரு படியிலும் காரணியை நிலையான சரிவாகவே தீர்த்துவிட்டு, ஏற்பியை மட்டும் நேரத்தில் நகர்த்துங்கள். பைத்தானின் சைபை தொகுப்பில் வரும் பிடிஎஃப் அல்லது எல்சோடா என்ற சமன்பாட்டுத் தீர்ப்பான் இதற்குத் தாங்கும். செல்கள் நகர்ந்து வடிவம் மாறும் திசு என்றால் காம்பியூசெல்3டி, உண்மையான மைக்ராஸ்கோப் படத்தின் வடிவத்திலேயே ஓட்ட வேண்டும் என்றால் விசெல். இரண்டும் இலவசம்.

சோதிக்க ஒரே வழி: ஏற்பி எண்ணிக்கையை மாறாமல் நிறுத்தி, காரணியைக் குறைவாக விட்டு ஓட்டுங்கள். வரும் சரிவு நாலாம் படியின் வீச்சோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகும்வரை வண்ணப் படம் எதுவும் போடாதீர்கள்.

படி 8: எண்களைப் பொருத்துவது

"சார், இத்தனை எண்ணுல எதை நம்பணும்?" என்று எல்லா மாணவரும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

வீச்சுக்கான கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒட்டும் வேகம், ஏற்பி எண்ணிக்கை, உள்ளே போகும் பங்கு மூன்றும் பெருக்கலாகத்தான் வருகின்றன. ஒட்டும் வேகத்தை இரட்டித்து ஏற்பியைப் பாதியாக்கினால் சரிவு இம்மியும் மாறாது. சரிவின் படத்தை மட்டும் வைத்து இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கவே முடியாது, எத்தனை படம் எடுத்தாலும் சரி. மென்பொருள் மூன்றுக்கும் எண் கொடுக்கும், நான்கு தசம இடத்தோடு. அதை நம்பி ஆய்வேட்டில் ஏற்ற வேண்டாம்.

பிரிக்க வேண்டுமானால் நேரத்தைச் சார்ந்த அளவு ஒன்று வேண்டும். இரண்டாம் படியில் கூட்டு ஏறி இறங்கியதே, அந்த உச்சம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை அளந்தால் உள்ளே போகும் வேகம் தனியாகப் பிடிபடும். ஏற்பி எண்ணிக்கையை, செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் எடுக்கலாம். அந்தக் கருவி உள்ள ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொள்வது கஷ்டம் இல்லை. பிறகு ஒவ்வொரு எண்ணையும் இரண்டு மடங்கு கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பாருங்கள். எந்த எண் விடையை அசைக்கிறதோ அதை மட்டும் அளக்கச் செலவழியுங்கள்.

படி 9: ஈயின் முட்டையில் சோதியுங்கள்

பழ ஈயில் இந்த ஏற்பிக்கு நேர் உறவினர் உண்டு. தாய் ஈயின் சூலகத்தில் முட்டை உருவாகும்போது, முட்டைச் செல் ஒரு மூலையிலிருந்து குர்க்கன் என்ற காரணியை விடுகிறது. சுற்றியுள்ள ஃபாலிக்கிள் செல்கள் அதை ஏற்பியால் பிடிக்கின்றன. எவ்வளவு கிடைத்தது என்பதைப் பொறுத்து முட்டையின் முதுகு எது, வயிறு எது என்று முடிவாகிறது. இட்ட முட்டையின் முன்பக்கத்தில் கொம்பு மாதிரி இரண்டு நீட்சிகள் இருக்கும். அவற்றுக்கு இடையே உள்ள தூரம்தான் நமது அளவுகோல். முட்டை அரை மில்லிமீட்டர் நீளம் என்பதால் ஐபீஸ் மைக்ரோமீட்டர் போதும்.

தாயிடம் குர்க்கன் மரபணுவின் வழக்கமான இரண்டு பிரதிக்குப் பதில் ஒரு பிரதி மட்டும் இருந்தால் கொம்புகள் நெருங்கி வரும், நான்கு பிரதி இருந்தால் விலகிப் போகும். இது 1994-லேயே தெரிந்தது. மாடல் இதற்கு ஒரு எண் தருகிறது: சரிவு அடுக்குக்குறி வடிவில் விழுந்தால், ஊற்று பாதியாகும்போது எல்லை வீச்சின் 0.69 மடங்கு உள்ளே நகரும். இரண்டு பக்கமும் சேர்த்து 1.39 மடங்கு. ஆகக் கொம்பு இடைவெளி 20 மைக்ரோமீட்டர் குறைந்தது என்று வைத்துக்கொண்டால் வீச்சு சுமார் 14 மைக்ரோமீட்டர். அடிக்கோலை வைத்தே காரணியின் வீச்சை அளந்துவிட்டீர்கள்!

ஈக்குக் கர்நாடகாவில் அலைய வேண்டியிருக்கும். மைசூர் பல்கலைக்கழகத்தில் பழ ஈ சேமிப்பு மையம் உண்டு, பெங்களூரிலும் உண்டு. ஒரு பிரதி தாய்க்குப் பழைய வகை மரபணு மாற்ற ஈயே போதும். நான்கு பிரதிக்கு மரபணு செருகிய ஈ வேண்டும் என்பதால் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழு அனுமதி வாங்குங்கள். ரவை, வெல்லம், அகர் போட்ட தீவனம் போதும். வெல்லத்துக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போடலாமா என்று கேட்பவர் உண்டு. போடலாம், ஆனால் ஆய்வு பாதியில் இருக்கும்போது மாற்றாதீர்கள். வெப்பம்தான் இங்கே பெரிய எதிரி. பழ ஈக்கு 25 டிகிரி; 30-ஐத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். பாளையங்கோட்டைக் கோடை 38-க்கு மேல் போகும். குளிரவைத்து ஒரே வெப்பத்தில் நிறுத்தும் பிஓடி இன்குபேட்டரும் அதற்கு ஒரு இன்வெர்ட்டரும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம், அல்லது ஐப்பசி மழைக்குப் பிறகு ஆரம்பியுங்கள்.

மாடலிலும் இரண்டு மாற்றம் தேவை. முதலாவது, நாம் வைத்த வேகங்கள் 37 டிகிரி பாலூட்டிச் செல்லுக்கானவை. 25 டிகிரி ஈக்கு அவை வெறும் தொடக்கப் புள்ளிதான். இரண்டாவது, குர்க்கன் ஓடுவது முட்டைச் செல்லுக்கும் ஃபாலிக்கிள் செல்லுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில். ஏற்பி ஒரு பக்கச் சுவரில்தான் உள்ளது. ஆகவே ஏற்பியின் செறிவு என்பது சதுர மைக்ரோமீட்டருக்கு எத்தனை ஏற்பி என்பதை இடைவெளியின் உயரத்தால் வகுத்தது.

இரண்டு வகைத் தாய்களின் முட்டைகளையும் ஒரே நாளில், ஒரே தட்டுத் தீவனத்தில் எடுங்கள். ஸ்லைடுக்கு எண் போடுவதை வேறொரு மாணவரிடம் விடுங்கள். எது எந்தத் தாயுடையது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. முட்டையிலிருந்து வந்த வீச்சும் மாடல் சொன்ன வீச்சும் இரண்டு மடங்குக்குள் இருந்தால் மேலே போகலாம். அதற்கு மேல் விலகினால் முதலில் இடைவெளியின் உயரத்தைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் அதைத்தான் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். அடுத்து, ஒரு பிரதி இருந்தால் காரணியும் சரியாகப் பாதியாகிறது என்ற அனுமானம். மூன்றாவது பின்னூட்டம்: குர்க்கன் வந்ததும் அந்தச் செல்களே ஸ்பிட்ஸ் என்ற இன்னொரு காரணியையும், அதை அடக்க ஆர்கோஸையும் கிளப்பி எல்லையைத் திருத்திக்கொள்கின்றன. அதைச் சேர்க்கும்போது ஆறாம் படியில் பார்த்த தாமதப் பதத்தையே இங்கேயும் பயன்படுத்தலாம். புதிதாக எழுத வேண்டியது ஆர்கோஸ் காரணியைப் பிடித்து வைக்கும் ஒரு வரி மட்டுமே.